இண்டைக்கு எத்தினை குளிசை?

வலிப்பு பெரிய சத்தத்தோடு வரும் என்று ஏனோ நினைத்திருந்தேன். என் கணவர் ரமணனுக்கு அது வந்த காலையில் எனக்குக் கேட்டது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். அவர் முற்றத்தில் வான் வண்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தது. நான் குசினியில் மகளுடைய சாப்பாட்டுப் பெட்டியை மூடியபடி, "தண்ணியை நிப்பாட்டுங்கோவன், கிணறு வத்தப் போகுது!" என்று சத்தம் போட்டேன். பதில் வரவில்லை. கோபத்தோடுதான் வெளியே வந்தேன்.

வானின் பின்சில்லோடு விழுந்து கிடந்தார். உடம்பு பலகை போல விறைத்திருந்தது. பிறகு கையும் காலும் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்தன. கண்கள் திறந்திருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இரும்பு! கையிலை இரும்பைக் குடு சுபா!" என்று கத்தினார். எனக்குக் கைக்கெட்டிய இரும்பு வானை ஸ்டார்ட் பண்ணும் திறப்புதான். வான் கதவில் தொங்கியதை இழுத்தெடுத்து அவருடைய கைக்குள் திணித்தேன். விரல்கள் அதை இறுக்கிப் பிடித்தன. இழுப்பு நின்று, மயங்கிக் கிடந்தபோதும் திறப்பு அந்தக் கையில்தான் இருந்தது. அம்புலன்சில் வந்த பெடியன் விரல் விரலாகப் பிரித்து எடுத்து என்னிடம் தந்தான்.

இரும்பு ஒன்றும் செய்யாது என்று ஆசுபத்திரி வாட்டில் இருந்த டொக்டர் பிறகு சொன்னார். மட்டக்களப்புப் பிள்ளை, என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். "பக்கவாட்டில சரிச்சுப் படுக்க வைங்க. வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதீங்க. தலை அடிபடாமப் பாருங்க. அவ்வளவுதான். இரும்பு பாவம், அது என்ன செய்யும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வான் பள்ளிக்கூட வான். சண்டிலிப்பாயிலிருந்து உடுவில் பக்கம் காலையும் மத்தியானமும் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. முன் சீற்றில் என் மகள் கவினி இருப்பாள். முதலாம் வகுப்பு. வானைக் கழுவி முடித்திருந்தால் அடுத்தது ஓட்டம்தான். அந்த வலிப்பு ரோட்டில் வந்திருந்தால் என்ற நினைப்பை ஆசுபத்திரியில் இருந்த நாள் முழுக்க எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

பெரியாசுபத்திரியில் ஆண்கள் வாட்டில் பெண்கள் துணைக்கு நிற்க முடியாது. பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்ததும் உள்ளே போய், அடுத்த மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். துணைக்கு அவருடைய தமையன் குகன் அத்தான் நின்றார். நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போனாலும், காரணம் கேட்கும் பழக்கம் போகவில்லை. வெள்ளைக் கோட்டோடு யார் வெளியே வந்தாலும் பின்னாலே போய்க் கேட்பேன். கேட்ட பிறகு, கேட்டது பிழையோ என்று யோசிப்பேன்.

சோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. முதலில் சீனியும் உப்பும் பார்த்தார்கள். இரத்தத்தில் சீனி விழுந்தாலும் உப்பு குறைந்தாலும் வலிப்பு வருமாம். இரண்டும் சரி. பிறகு சி.டி. ஸ்கான், அதாவது மூளையைப் பாண் வெட்டுவது போலத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது. கட்டி இல்லை, இரத்தக் கசிவு இல்லை. பிறகு ஈ.ஈ.ஜி. தலையில் பொட்டுப் பொட்டாகக் கம்பிகளை ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கோடுகளாக வரைந்து பார்க்கிறார்கள். அதுவும் சரி. ஒவ்வொரு முறையும் "நோர்மல்" என்று கேட்டதும் நிம்மதி வரும், கூடவே அப்போ எதனால் வந்தது என்ற பயமும் வரும். அரசாங்க ஆசுபத்திரியில் நாங்கள் எதற்கும் பணம் கட்டவில்லை. ஓடாமல் முற்றத்தில் நின்ற வான்தான் எங்களுக்கு வந்த பில்.

டொக்டர் முதல் நாளே கேட்டிருந்தார். "ஏதும் மருந்து எடுக்கிறவரா?"

"நாரி நோவுக்கு ஒரு குளிசை," என்றேன். "ட்ரமடோல். போன மாரியிலை கிணத்தடியிலை தண்ணி மோட்டரைத் தூக்கினவர். அப்ப பிடிச்சது."

முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. அது பிதுங்கி நரம்பை நெரித்ததால் வந்த நோ. டொக்டர் ஒருவர் அப்போது மருந்துத் துண்டு எழுதித் தந்திருந்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலைமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்."

கண் விழித்த பிறகு அவரிடமும் கேட்டார்கள். அவரும் இரண்டு என்றார். டொக்டர் பேனையைக் கன்னத்தில் தட்டினார். "இது அபின் குடும்பத்து மருந்து. கூடிப் போனா வலிப்பு வரும். இரண்டுக்கு வாறது குறைவு. ஆனா வராதெண்டும் சொல்லேலாது." காரணம் எதுவும் அகப்படாவிட்டால் வலிப்பு நோய் என்று பார்த்து அதற்கு மருந்து தொடங்க வேண்டிவரலாம், நீண்ட காலத்துக்கு வாகனம் ஓட முடியாது என்றும் சொன்னார்.

அபின் என்ற சொல் எனக்குள் சிக்கிக்கொண்டது. நான் காலையில் தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கும் வெள்ளைக் குளிசை அபினுக்கு என்ன முறை? பெரியப்பா மகனா, தூரத்துச் சொந்தமா? வாங்கிலிருந்து போனில் தேடிப் படித்தேன். படித்தால் பயம் கூடும் என்று தெரிந்தும் படித்தேன்.

அடுத்த நாள் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அவர் கொட்டாவி விட்டார். நன்றாக நித்திரை கொண்டு எழும்பியவர், கண்ணில் தண்ணீர் வர வர, ஒன்று முடிய அடுத்ததாக விட்டுக்கொண்டே இருந்தார். மூக்கால் வடிந்தது. அந்த வெக்கையில் கையில் மயிர் குத்திட்டு நின்றது. கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியாமல் உரசிக்கொண்டே கிடந்தார். வயிற்றாலும் போனது.

"பேன் காத்துப் பிடிச்சிட்டுது," என்றார் குகன் அத்தான். "வயித்தாலை போறது இஞ்சத்தைச் சாப்பாடு."

"கொட்டாவி?"

"கொட்டாவிக்குமா டொக்டரைக் கூப்பிடுறது? எனக்கும்தான் வருது. இந்தக் கதிரையிலை இருந்து பாரும் தெரியும்."

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆனால் எல்லாம் ஒரே நாளில் ஏன் வரவேண்டும்? பின்னேரம் மட்டக்களப்பு டொக்டர் வெளியே வந்ததும் பின்னால் போனேன். "டொக்டர், கொட்டாவி ஒரு வருத்தமே?"

அவர் நின்றார். "யாருக்கு?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்டார். கண்மணி பெரிதாகத் தெரிகிறதா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களை விட்டா வேற ஆராவது அவருக்குக் குளிசை வாங்கிக் குடுக்கிறவங்களா?" என்றார்.

"இல்லை டொக்டர். நான் மட்டும்தான்."

அன்றைக்கு அது பொய் இல்லை. நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அடுத்த நாள் மத்தியான மணிக்கு எல்லோரும் ஒன்றாக வந்துவிட்டார்கள். என் அப்பா வந்தார். ரமணனுடைய சினேகிதன் நிமல் ஓட்டோவை வெளியே விட்டுவிட்டு, இரண்டு செவ்விளநீரோடு வந்தான். குகன் அத்தான் ஏற்கெனவே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"என்ன மச்சான், வானைக் கழுவச் சொன்னா வானோடை மல்லுக்கு நிண்டிருக்கிறாய்," என்றான் நிமல்.

ரமணன் சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் ஒரு கொட்டாவி.

அப்பா கட்டில் விளிம்பில் இருந்து அவருடைய காலைத் தடவினார். அவருக்கு மருமகன் மேல் கொள்ளைப் பிரியம். "பாவம் பிள்ளை. போன கிழமைதான் நாரி ஏலாது மாமா எண்டு சொன்னது. அண்டைக்கே மானிப்பாய்க்குச் சைக்கிளிலை போய்க் குளிசை வாங்கிக்கொண்டு வந்து குடுத்தனான். அதுக்குள்ளை இப்பிடி..."

"நீங்களும் வாங்கிறனீங்களோ மாமா?" நிமல் இளநீரைக் கீழே வைத்தான். "நான் சுன்னாகத்திலை ஒவ்வொரு வெள்ளியும் வாங்கிக் குடுக்கிறனான். ஓட்டோக்காரன் எண்டு என்னட்டைத் துண்டும் கேக்க மாட்டாங்கள்."

"மானிப்பாயிலை கேப்பான். பழைய துண்டைக் காட்டினால் காணும்."

"அப்ப சுன்னாகம்தான் நல்லம்."

நல்ல மீன் எந்தச் சந்தையில் கிடைக்கும் என்பது போலக் கதைத்தார்கள். ஒவ்வொருவருடைய குரலிலும் சின்னப் பெருமை இருந்தது. ரமணன் கஷ்டத்தைச் சொன்னது தன்னிடம் மட்டும்தான் என்ற பெருமை. குகன் அத்தான் மட்டும் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"என்னட்டையும் கேட்டவன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "டவுனிலை நான் வேலை செய்யிற கடைக்குப் பக்கத்திலை பார்மசி இருக்கு. சுபாவுக்குச் சொல்லாதை, அவள் பயப்பிடுவாள் எண்டவன்."

சண்டிலிப்பாயில் வாங்கியது நான். மானிப்பாயில் அப்பா, சுன்னாகத்தில் நிமல், யாழ்ப்பாணம் டவுனில் அத்தான். நான்கு பேர், நான்கு பார்மசி. நான் ரமணனைப் பார்த்தேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால், விடை அகப்படப்போகிறது என்ற துடிப்புத்தான் வந்தது. அது சரியான உணர்ச்சியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

மற்றவர்களை இளநீர் வெட்டச் சொல்லி வெளியே அனுப்பினேன்.

"இஞ்சேருங்கோ. எத்தினை போட்டனீங்கள்?"

"சொன்னனான்தானே. ரெண்டு."

"அது நான் தந்தது. அப்பா தந்தது? நிமல் தந்தது? அத்தான் தந்தது?"

"நீர் பொலிசிலை சேர்ந்திருக்கலாம்," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. "நான் குடிக்கிறனானே சுபா? சிகரெட் பத்திறனானே? ஐஸ் போதை அடிக்கிறாங்கள் எண்டு பேப்பரிலை வருதே, அந்தக் கூட்டமே நான்? இது டொக்டர் எழுதின மருந்து."

"எத்தினை டொக்டர் எழுதினது?"

அவர் மேலே சுற்றிய பேனைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். கோப்பாயில் ஒரு டிஸ்பென்சரி, டவுனில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த தனியார் டொக்டர் ஒருவர், வீட்டுக்குப் பக்கத்தில் முதலில் எழுதித் தந்தவர். ஒருவரிடம் போனது மற்றவருக்குத் தெரியாது.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?"

"எப்பிடிச் சொல்லிறது? ஒரு டொக்டருக்கு முன்னாலை இருந்துகொண்டு மற்ற டொக்டரைப் பற்றிக் கதைக்கிறதே? மரியாதையே அது?"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். கவினிக்குக் காய்ச்சல் விடாதபோது இரண்டாவது டொக்டரிடம் கொண்டுபோவோம். முதல் டொக்டர் தந்த பாணி மருந்துப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். "முதல் ஏதும் குடுத்தனீங்களோ?" என்று அவர் கேட்டால், "இல்லை டொக்டர்" என்போம். அவருடைய மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறோம். எந்த டொக்டருக்கும் முழுக் கதை தெரியாது. எந்த உறவுக்கும் தெரியாது. முழுக் கதை தெரிந்த ஒரே ஆள் வருத்தக்காரன்தான்.

"முதல் நோவுக்குத்தான் போட்டனான், சத்தியமா," என்றார். "பிறகு நோ குறைஞ்சாலும் போடாட்டி உடம்பு விடுகுதில்லை. வேர்க்கும், கால் ஒரு இடத்திலை நிக்காது. ஸ்டியரிங்கைப் பிடிக்கேலாது. ஒண்டு போட்டால் மனுசனாகிப் பிள்ளையளை ஏத்தலாம். பிறகு ஒண்டு போதாமப் போச்சு."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"நீர் பயந்து செத்திருப்பீர்."

உண்மைதான். அதுதான் எனக்கு உறைத்தது.

மணி அடித்தது. அவர் என் கையைப் பிடித்தார். "டொக்டருக்குச் சொல்லாதையும். குளிசைக்காரன் எண்டு பேர் வந்தால் ஆர் என்ரை வானிலை பிள்ளையை விடுவினம்? வலிப்பு எண்டே இருக்கட்டும். வலிப்பெண்டால் பாவம் எண்டாவது சொல்லுவினம்."

வாங்கில் வந்து இருந்தேன். போன் அடித்தது. வானில் வரும் பிள்ளை ஒன்றின் தாய். "சுபா, நாளைக்கு வான் வருமோ? அவருக்கு என்னவாம்?"

"பிறஷர் அக்கா," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"ஐயோ, கவனமாப் பாரும். அவரை நம்பித்தானே பிள்ளையை விடுறம்."

போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வசனம் காதுக்குள்ளேயே இருந்தது. சொல்லிவிட்டால் பெயர் போகும், வான் போகும், மனுசன் முகத்திலும் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் டொக்டர்மார் இல்லாத நோய்க்கு மருந்து எழுதுவார்கள். அவர் வீட்டுக்கு வருவார். நான்கு பார்மசிகளும் அந்தந்தச் சந்தியிலேயே இருக்கும். அப்பா சைக்கிளை எடுப்பார். பிறகு ஒரு காலையில் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்காது, ரோட்டிலிருந்து யாராவது போன் பண்ணுவார்கள். கைப்பையைத் திறந்தேன். முதல் நாள் போட்ட வான் திறப்பு உள்ளேயே கிடந்தது.

அப்படியும் என் மனம் உறுதிப்படவில்லை. நான் கணக்குப் போட்டது பிழையாக இருந்தால்? எல்லோரும் வாங்கிய குளிசை எங்கேயாவது மிச்சமாகக் கிடந்தால்? அவர் இல்லாத இடத்தில் அவரைக் காட்டிக்கொடுப்பது சரியா? கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை தெரிந்தது. அவர் இல்லாத இடத்தில் சொல்லக்கூடாது.

பின்னேர மணிக்கு டொக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு கட்டிலடிக்குப் போனேன். எங்கள் இருவரையும் கண்டதும் ரமணன் எழும்பி இருந்தார்.

"டொக்டர்," என்றேன். "ரெண்டு இல்லை. நான் மட்டும் வாங்கிறதும் இல்லை. இன்னும் மூண்டு பேர் வேற வேற பார்மசியிலை வாங்கிக் குடுத்திருக்கினம். எத்தினை எண்டு எனக்குச் சரியாத் தெரியாது. ஆறோ ஏழோ..."

பக்கத்துக் கட்டில்காரர் மரியாதைக்காக மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். ரமணன் என்னைப் பார்க்கவில்லை.

"அவவுக்குக் கணக்குத் தெரியாது டொக்டர்," என்றார். "ஒரு அட்டை. ஒரு நாளைக்கு ஒரு அட்டை, பத்துக் குளிசை. சில நாள் அதுக்கும் மேலை."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டொக்டர் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் இருந்தார். "நல்லம். இப்பதான் உங்களுக்கு வைத்தியம் செய்யலாம்," என்றார். அவர் ஏசவில்லை. ஏசுவார் என்று நானும் பயந்திருந்தேன், ரமணனும் பயந்திருந்தார்.

டொக்டர் விளக்கினார். இந்த மருந்தைத் தொடர்ந்து எடுத்தால் உடம்பு அது இருப்பதையே இயல்பு என்று எடுத்துக்கொள்ளும். அதே சுகத்துக்குக் கூடக் கூடக் கேட்கும். திடீரென நிறுத்தினால் குழம்பும். கொட்டாவி, மூக்கு வடிதல், மயிர்க்கூச்சு, வயிற்றோட்டம் எல்லாம் அந்தக் குழப்பம். வலிப்பு, அளவு கூடியதால் வந்தது.

"அப்ப நான் போதைக்காரனே?" என்று கேட்டார் ரமணன்.

"உங்களுக்கு நாரி நோ. அதோட ஒரு மருந்தில தங்கியிருக்கிற நோயும் வந்திருக்கு. கன டொக்டர்மாரிட்டப் போறது, கன பார்மசியில வாங்குறது எல்லாம் அதுக்கு அறிகுறி. இருமல் மாதிரி. இருமினா ஆரும் பொலிசுக்குச் சொல்லுறல்லையே?"

"ஆனா டொக்டர்," நான் குறுக்கிட்டேன். எனக்கு அறிய வேண்டியிருந்தது. "நோவுக்கு வைத்தியம் சரிவராட்டியும் சனம் டொக்டர் மாத்தித்தானே பாக்குது? அது நோவோ, பழக்கமோ எண்டு எப்பிடித் தெரியும்?"

"நல்ல கேள்வி. சில நேரம் எங்களுக்கும் உடனே தெரியாது. சில நேரம் ரெண்டும் ஒண்டாத்தான் இரிக்கும். அதுக்குத்தான் முழுக் கதையும் ஒரு டொக்டருக்குத் தெரியோணும்."

அதன் பிறகு இரண்டு நாள் ரமணன் என்னோடு கதைக்கவில்லை. வலிப்பைத் தூண்டாத வேறொரு மருந்துக்கு மாற்றி, அதையும் மெல்ல மெல்லக் குறைப்பதாகத் திட்டம். மனநோய்ப் பிரிவு டொக்டரும் வந்து பார்த்தார். "விசராசுபத்திரிக்கும் அனுப்பியாச்சு," என்று ரமணன் குகன் அத்தானுக்குச் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றுதான். நான் வீட்டிலிருந்து புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டு வாங்கில் இருப்பேன். செய்தது பிழையோ, கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமோ என்று அங்கே இருக்கும் நேரம் முழுக்க யோசனை.

இரண்டாம் நாள் அத்தான் வெறும் பெட்டியோடு வெளியே வந்தார். "உம்மட்டை ஒரு செய்தி சொல்லச் சொன்னவன்."

"என்ன?"

"சம்பலுக்கு உப்புக் காணாதாம்."

வாங்கில் இருந்து அழுதேன். அத்தான் பயந்துபோய், "எனக்கு அது உப்புச் சரியாத்தான் இருந்தது சுபா," என்றார்.

வீட்டுக்குப் போகலாம் என்று ரிக்கற் வெட்டிய அன்று டொக்டர் மூன்று விஷயம் சொன்னார். இனி ஒரே ஒரு டொக்டர், ஒரே ஒரு பார்மசி. அவர்கள் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. வாங்கிக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியவேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது. நிமல் தலையில் கைவைத்துக்கொண்டு, "நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புண்ணியம் எண்டெல்லோ நினைச்சனான்," என்றான். அப்பா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் நஞ்சே பிள்ளை வாங்கிக் குடுத்தனான்?"

"இல்லையப்பா. நல்ல மருந்துதான். நாங்கள் நாலு பேரும் நல்ல மருந்துதான் வாங்கினனாங்கள்."

அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. இப்போது மானிப்பாய்க்குப் போனால் மருமகனுக்கு மாம்பழம் வாங்கி வருகிறார். அதையும் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து தருகிறார்.

வான் பிள்ளைகளின் தாய்மாருக்கு நானே போன் எடுத்தேன். முதல் போன் நான் பிறஷர் என்று சொன்ன அக்காவுக்கு. "நோக்குளிசை அளவுக்கு மேலை போட்டதாலை வலிப்பு வந்தது அக்கா. வைத்தியம் நடக்குது. டொக்டர் விடும்வரைக்கும் குகன் அத்தான்தான் வான் ஓடுவார்." அத்தான் கடை முதலாளியிடம் கேட்டு ஓட்ட நேரத்துக்கு அனுமதி எடுத்திருந்தார். சில பிள்ளைகள் வேறு வானுக்குப் போய்விட்டார்கள். ஒரு தாய் "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லி, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். பிறஷர் அக்கா மட்டும், "என்ரை அம்மாவும் மூட்டு நோவுக்கு ரெண்டு டொக்டரிட்டைப் போறவ. இண்டைக்கே பாக்கிறன்," என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனை வைத்தார்.

ரமணன் காலையில் எழும்பி வழக்கம்போல வானைக் கழுவுவார். துடைப்பார். அத்தான் வந்ததும் திறப்பை அவருடைய கையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். அந்த நேரத்தில் அவருடைய முகத்தை நான் பார்ப்பதில்லை.

கவினிக்கு என்ன சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் நேரே அவரிடம் கேட்டுவிட்டாள். "அப்பா ஏன் வான் ஓடேல்லை?"

"அப்பா கூடக் குளிசை போட்டிட்டன். அது குறைஞ்சால்தான் டொக்டர் ஓட விடுவார்."

"இப்ப எத்தினை?"

"ஆறு."

அவ்வளவுதான். அன்றைக்கு வானில் ஏறிய எல்லோருக்கும் அவள் சொல்லிவிட்டாள். எங்கடை அப்பாவுக்கு ஆறு குளிசை, அது குறையும் என்று, விளையாடும் மாபிளின் கணக்குச் சொல்வது போல. நான் மறைக்கப் பார்த்த அந்தச் சொல் உடுவில் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த நாளிலிருந்து எங்கள் வாசலில் ஏறும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் அவரைக் கண்டதும் முதல் கேட்பது அதைத்தான். "அங்கிள், இண்டைக்கு எத்தினை குளிசை?" டொக்டருக்கே இரண்டு என்று சொன்ன மனுசன் பிள்ளைகளுக்குச் சரியான எண்ணைச் சொல்வார். ஆறு. பிறகு ஐந்து. நான்கு. குறையும் நாளில் வானுக்குள் கைதட்டல் கேட்கும்.

ஆனாலும் வான் போன பிறகு நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து அட்டையை எண்ணிப் பார்ப்பேன். அவர் சொல்வது சரிதானா என்று. அவருக்கும் தெரியும்.

போன கிழமை ஒரு நாள். முதல் நாள் முழுக்க அவர் முற்றத்தில் மேலும் கீழும் நடந்து திரிந்தவர், சாப்பாடும் இறங்கவில்லை. காலையில் கழுவிய வானையே திரும்பவும் கழுவினார். அடுத்த வீட்டுச் சின்னவள் சப்பாத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அங்கிள், இண்டைக்கு எத்தினை?"

"மூண்டு."

"நேத்தும் மூண்டு. முந்தநாளும் மூண்டு. அப்ப குறையேல்லையே?"

அவர் ஈரத் துணியைப் பிழிந்தார். பிறகு குனிந்து அவளுடைய புத்தகப் பையை வானுக்குள் தூக்கி வைத்தார்.

"கூடேல்லைத்தானே மோளே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓம், கூடேல்லை," என்று ஒத்துக்கொண்டு ஏறினாள். அத்தான் திறப்பை வாங்கி வானை எடுத்தார்.

நான் அன்றைக்கு அலுமாரியைத் திறக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை நிப்பாட்டிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணீர் போட்டேன். அடுத்த நாள் எண்ணினேன். அது வேறு.